கரைக்கு அந்தப் பக்கம் வந்த புகை

அன்புள்ள அத்தானுக்கு,

கண்மாய்க் கரையில் ஓட்டை இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது ஊரோடு சேர்ந்து நான் சிரிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவா கோபித்துக்கொண்டு திருத்தங்கலில் அண்ணன் வீட்டில் போய் உட்காருவது?

நேற்று தலைவர் பாண்டிச்செல்வம், "இது வெறும் எலி வளைதாம்லே" என்று தீபாவளிப் பாம்பு மாத்திரைகளைக் கொளுத்தி உள்ளே தள்ளினார். கரைக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவியின் காலடியில் புகை குபுகுபுவென்று வந்தது. "என்னங்க, இங்கன வருது" என்று அந்த அம்மா கத்தியதும் ஊரே கரையேறி ஓடிப்போய்ப் பார்த்தது. கண்மாய் பெருகிய பிறகு தெரிந்திருந்தால் நம் தெரு மிஞ்சியிருக்காது.

இன்று தோண்டி மண் அடைக்கிறார்கள். "அவுக நின்னு பாத்தாத்தான் நிம்மதி, வரச் சொல்லு தாயி" என்றார் தலைவர். "நீங்களே போய்க் கூப்பிடுங்கள்" என்று அவரிடம் சொன்னேன்.

இந்தக் கடிதத்தையும் ஒட்டி அவர் கையில்தான் கொடுத்திருக்கிறேன். படிக்கும்போது எதிரில் நிற்பார். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.

மீன் குழம்போடு காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி