தாழ்வாக இட்ட பதினோரு அடையாளங்கள்

செப்டம்பர் 3, புதன்

மலையேற்றச் சங்கத்தில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது தவறு. நான் அந்த மலைக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. எந்தப் பாறையிலும் எந்தக் கோடும் போட்டதில்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

சங்கச் செயலாளர் காலையில் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர்தான். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று முறை இருமுவார். ஜூலை மாதம் மூடுபனியில் ஒரு பெண் உச்சிக்குப் போகும் வழியில் தடம் மாறிக் கணுக்காலை முறித்துக்கொண்டாளாம். போய்ப் பார்த்ததில், மலையேறுபவர்கள் தங்கும் குடிலுக்கு மேலே சில அடையாளங்கள் இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை. வழி காட்டப் பாறையில் போடும் சிவப்பு வெள்ளைக் கோடு மார்பு உயரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. இவை இடுப்புக்கும் கீழே இருக்கின்றன.

"சார் நெட்டையான ஆளு. அவர் இவ்வளவு கீழ போட்டிருக்க மாட்டார். அன்னிக்கு நீங்களும் கூடப் போயிருந்தீங்க இல்லையா..." என்று இழுத்தார். சார் என்றது காலமாகிவிட்ட என் கணவரை; அந்த வழிக்கு அடையாளம் போட்டுவந்தவர் அவர்தான். 'குள்ளம்' என்ற சொல்லை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போனார். என் உயரம் நான்கடி பத்து அங்குலம். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

நான் போகவில்லை என்றேன். குடிலில் உள்ள பதிவேட்டில் என் கணவர் கையாலேயே எழுதியிருக்கிறது என்றார். மூன்று ஆண்டுக்கு முன், இதே செப்டம்பரில். 'நானும் என் மனைவியும்.'

இருபதாம் தேதி சங்கம் கூடுகிறது. அந்த அடையாளங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு வழியையே வேறு பக்கம் திருப்பப்போகிறார்களாம். அறிக்கையில் காரணமும் எழுதவேண்டுமாம். காரணம் நான்!

முப்பத்தோரு ஆண்டு நகரக் குடிநீர் ஆய்வகத்தில் இருந்தேன். என் அறிக்கை ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

என் கணவர் பொய் எழுதுகிறவர் அல்ல. நானும் போகவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

செப்டம்பர் 5, வெள்ளி

பிளம்பரை வரச்சொன்னேன். குழாயில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டது என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான். இருபது ஆண்டாக என் கணவரோடு மலைக்குப் போய் அடையாளம் போட்டவர் இவர்தான். இந்த வேலைக்கு எப்போதும் இருவர் போகவேண்டும். ஒருவர் கோடு போடுவார். மற்றவர் முன்னால் போய் நின்று, அங்கிருந்து இது தெரிகிறதா என்று பார்ப்பார். ஆளில்லாமல் தனியாகப் போனால் சங்கம் பெயிண்ட் டப்பாவைத் தராது.

அந்த செப்டம்பரில் போனீர்களா என்று கேட்டேன்.

"இல்லைம்மா. இந்தத் தடவை வீட்டுக்காரம்மா வர்றாங்க, நீ வேண்டாம்னு சார்தான் சொன்னாரு. ஒருவழியா உங்களைச் சம்மதிக்க வெச்சிட்டாரேன்னு நான்கூடச் சிரிச்சேன்."

எனக்கு உட்காரவேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை. என்னிடம் அவர் சொன்னது, பிளம்பர் வருகிறார் என்று. இரண்டு பேருக்கு ரொட்டி கட்டிக்கொடுத்தேன். பிளம்பருக்கு முட்டை ஆகாது என்று அவர் சொன்னதால் முட்டை வைக்காத ரொட்டியைத் தனியாகக் கட்டினேன்.

"முட்டையா? எனக்கு நல்லாவே ஆகுமேம்மா" என்றார் பிளம்பர்.

ஆக, தனியாகப் போயிருக்கிறார். பிளம்பரிடம் ஒரு கதை, என்னிடம் ஒரு கதை. அஞ்சலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஒரு தந்தியைக்கூட மாற்றிக் கொடுக்காத மனிதர் — ஏன்?

செப்டம்பர் 8, திங்கள்

நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். சுரண்டிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

மகள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டாள். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு மனசு சரியில்லை, எழுபத்திரண்டு வயசுல மலை ஏறணுமாம் என்று. எழுபத்தொன்று என்று திருத்தினேன். மனசு சரியாக இருப்பதால்தான் போகிறேன் என்றும் சொன்னேன்.

பிளம்பர் துணைக்கு வருகிறார். அழைக்காமலே வருவது என் நாத்தனார். முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. அண்ணனைப் போலவே நெட்டை. "அண்ணி போனா நானும் போவேன். நீங்க விழுந்தா ஊருக்கு வந்து சொல்ல ஒரு ஆள் வேணுமே" என்கிறாள்.

எங்கள் கட்டடத்துப் படிகளில் தினம் பத்து முறை ஏறி இறங்குகிறேன். பையில் வைத்தவை: அளவு நாடா, குறிப்பேடு, சிவப்பு மை பேனா. பதிவேட்டில் உள்ள பிழையை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

செப்டம்பர் 13, சனி. குடில், மாலை ஐந்து மணி

ஏழு மணிக்குப் புறப்பட்டோம், மூன்றரைக்கு வந்து சேர்ந்தோம். அடிவாரப் பலகையில் நான்கு மணி நேரம் என்று இருக்கிறது. பலகைக்கு எழுபத்தொரு வயது ஆகவில்லை.

கால் நடுங்குகிறது. கை நடுங்கவில்லை. எழுதலாம்.

முதலில் காடு. பிறகு யாரோ கோடு கிழித்து நிறுத்தியதுபோல் மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே வெள்ளைப் பாறை. அண்ணாந்து பார்த்தேன், கழுத்து வலிக்கும்வரை பார்த்தும் முடிவு தெரியவில்லை. கண் கூசிற்று. சரளைச் சரிவில் இரண்டு அடி ஏறினால் ஓரடி வழுக்குகிறது. அதைத் தாண்டினால் சுவர். ஆம், சுவர்தான். இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய், பாறையில் அறைந்த ஏணியில் ஏறவேண்டும். இருபத்திரண்டு படிகள். பதினோராவது படியில் நின்றுவிட்டேன். கீழிருந்து நாத்தனார் குரல்: "அண்ணி, கீழ பாக்காதீங்க. கீழ நான்தான் இருக்கேன், பாத்தா சிரிச்சிடுவீங்க." பார்த்தேன். சிரித்தேன். மீதிப் பதினொன்றையும் ஏறினேன்.

ஏணிக்கு மேலே வந்தோம்.

கல் வயல். ஏர் உழுததுபோல் பாறை முழுதும் சால்கள், கத்தி விளிம்புகள். உழுதது மழை. மழை நீரில் கரைந்த காற்று சுண்ணாம்பைக் கரைக்கும். அந்தச் சமன்பாட்டை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். அதன் நடுவில் ஓர் அம்புக்குறி வரும், காகிதத்தில் அரை அங்குலம். இன்று அந்த அம்புக்குறிக்குள்ளே நின்றுகொண்டிருந்தேன். அது அடிவானம்வரை இருந்தது.

ஓர் ஓடை வருகிறது, பாறையின் வாய்க்குள் இறங்குகிறது, காணாமல் போகிறது. பிளம்பர் ஒரு கல்லைப் போட்டார். ஆறு எண்ணும்வரை சத்தமே இல்லை. நாத்தனார் பயந்து என் கையைப் பிடித்தாள். அந்த நீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் ஆய்வகக் குழாய்க்கு. ஒரு லிட்டருக்கு இருநூற்றெண்பது மில்லிகிராம் சுண்ணாம்பு, கோடையில் கொஞ்சம் கூட. நகரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு கோடி லிட்டர். நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன்: தினமும் ஐந்தரை டன் மலை எங்கள் கெண்டிகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. முப்பத்தோரு ஆண்டு நான் சோதனைக் குழாயில் அளந்தது இது கீழே இறங்குவதைத்தான். இது குறைந்ததாகவே தெரியவில்லை.

பாறையில் சிப்பிகள். என் உள்ளங்கையளவு, வரி வரியாக. கடலின் தரைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

என் கணவர் ஆண்டுக்கு ஒருமுறை கேட்பார்: "ஒரே ஒரு தடவை வாயேன்." உங்கள் மலை என் குடுவையிலேயே இருக்கிறது என்பேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று நினைத்திருந்தேன்.

பதிவேட்டைப் பார்த்தேன். அவர் கையெழுத்துத்தான். 'நானும் என் மனைவியும். வானம் தெளிவு. எல்லாம் சரி.' சிவப்புப் பேனாவைத் திறந்தேன். "மேல போய்ப் பாத்துட்டு எழுதுங்கம்மா" என்றார் பிளம்பர். நியாயம்தான். பேனாவை மூடினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு. குடில், பிற்பகல்

கான்வென்ட்டில் ஆய்வு வகுப்பு எடுத்த சிஸ்டர் எங்கள் நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடச் சொல்வார். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது. கலந்து எழுதினால் கிழித்துவிடுவார். அப்படியே எழுதுகிறேன்.

பார்த்தது. குடிலிலிருந்து உச்சிவரை பத்தொன்பது அடையாளங்கள். முதல் எட்டும் நாலரை அடி உயரத்தில், அவர் மார்புக்கு நேராக. ஒன்பதாவது இரண்டடி பத்து அங்குலத்தில். அதிலிருந்து கடைசிவரை பதினொன்றும் அதே உயரம், ஓர் அங்குலம் முன்பின். கோணல் இல்லை, வழிசல் இல்லை. என் மார்பு உயரம் மூன்றரை அடி. நான் போட்டிருந்தால் குனிந்து போட்டிருக்கவேண்டும். நான் எதற்குக் குனிகிறேன்?

அந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம் இருந்தது.

ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே அறுபது தப்படி. அடுத்தது ஐம்பத்திரண்டு. பிறகு நாற்பத்தொன்று. முப்பத்து மூன்று. தேவையில்லாமல் இப்படி நெருக்கிப் போடமாட்டாரே என்று பிளம்பர் முணுமுணுத்தார்.

பதின்மூன்றாவது அடையாளத்தில் நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்த தட்டைக் கல்லில் உட்கார்ந்து, பிடிமானத்துக்காகப் பாறைமேல் கையை நீட்டி ஊன்றினாள். கை நேராகக் கோட்டின்மேல் இருந்தது.

அவள் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து இன்றுதான் பார்த்தேன்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஒன்பதாவதின் அருகே உட்காரத் தோதான ஒரு கல். பத்தாவதிலும். ஒவ்வொன்றிலும். பதினைந்தாவதில், உட்காரும் கல்மேல் சிவப்பு வட்டம் ஒன்று: பெயிண்ட் டப்பாவை வைத்த தடம். கடைசி இரண்டுக்கும் இடையே பதினான்கு தப்படி.

நினைத்தது. உட்கார்ந்துதான் போட்டிருக்கிறார். நிற்க முடிந்திருக்காது. அதற்குப் பிறகு எட்டு மாதம் கழித்துத்தான் மருத்துவர் எங்களிடம் நுரையீரலைப் பற்றிச் சொன்னார். எங்களிடம் இல்லை — என்னிடம். என் கணவருக்கோ மலை ஏறிய அன்றே தெரிந்திருக்கிறது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் என் பெயரைப் பிளம்பரிடமும், பிளம்பர் பெயரை என்னிடமும்... எனக்கு ஏன் தெரியாமல் போச்சு? பக்கத்துலதானே படுத்திருந்தேன். மூச்சுச் சத்தம் கேக்கலையா எனக்கு? தண்ணியில ஒரு மில்லிகிராம் கூடினா கண்டுபிடிக்கிறவளுக்கு —

போதும்.

"தெரிஞ்சிருந்தா தூக்கிட்டே போயிருப்பேம்மா" என்றார் பிளம்பர். அதற்காகத்தான் சொல்லவில்லை என்று அவருக்கும் தெரியும்.

பத்தொன்பதாவதன் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது, அசையாமல், ஒரு பள்ளத்தாக்கு முழுக்க. அதன்மேல் மலையின் நிழல் விழுந்திருந்தது. மேகம் ஓரிடத்தில் விலகியபோது எங்கள் நகரம் தெரிந்தது, ஆய்வகத்தின் நீர்த்தொட்டியோடு, ஒரு மாத்திரை அளவுக்கு. அவர் இங்கே உட்கார்ந்து அந்தத் தொட்டியைப் பார்த்திருப்பார். முன்பெல்லாம் அவர் இங்கே ஏறிய நாட்களில் நான் அங்கேதான் இருந்திருப்பேன், அன்றைய தேதியை எழுதிக்கொண்டு.

நேற்று முழுதும் மலையைக் கண்டு வாய் பிளந்தேன். இன்று மலை இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. பதினான்கு தப்படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, எழுந்து, டப்பாவைத் தூக்கிக்கொண்டு, யாரோ முகம் தெரியாதவர்கள் வழி தவறக்கூடாது என்று ஒரு மனிதர் கோணாமல் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கல்லைவிட்டு எழ எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

குடிலுக்கு இறங்கி வந்ததும் நாத்தனார் பதிவேட்டை என் முன்னால் வைத்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். 'நானும் என் மனைவியும்.' மூடினேன். நீல மையில் இன்றைய தேதியும், ஏறியவர் மூவர் என்றும் மட்டும் எழுதினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

நாற்காலியில் உட்கார இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. மகள் தைலம் தேய்த்துவிட்டாள். என்னம்மா பாத்தீங்க என்றாள். சிப்பி என்றேன். மீதியையும் பிறகு சொன்னேன். தைலக் கையோடு அழுதாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அந்தப் பெண்ணின் கணுக்கால் ஒடிந்தது உண்மை. தாழ்ந்த கோடு பனியில் தெரியாது என்பதும் உண்மை. அவரை எண்ணி அதை மறைக்க முடியாது. ஆனால் அவர் உயிரோடு இருந்து மறைத்ததை, சங்கக் கூட்டத்தில் பத்துப் பேர் முன் நான் ஏன் விரித்துவைக்கவேண்டும்? என் பெயரை எழுதிக்கொள்ளட்டும். தெரிந்தே ஒரு பிழையைத் திருத்தாமல் விடுகிறேன். சிஸ்டர் இருந்தால் பக்கத்தைக் கிழித்திருப்பார். கிழிக்கட்டும்.

நான்கு முறை எழுதி அடித்தபின் கடிதம் இப்படி நின்றது. பிரதி இங்கே:

"செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். குடிலுக்கு மேலுள்ள பத்தொன்பது அடையாளங்களையும் 14ஆம் தேதி நேரில் அளந்தேன். அளவுகள் தனித்தாளில் உள்ளன. பதினொன்று விதிப்படி இல்லை. மூடுபனியில் அவை தெரியாது. காயமடைந்தவரிடம் அதற்காக நானே வருத்தம் தெரிவிக்கிறேன். அவர் முகவரியை அனுப்பவும். அறிக்கையில் காரணத்தைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் கோரிக்கை ஒன்று. வழியைத் திருப்பவேண்டாம், அந்தப் பதினொன்றையும் சுரண்டவேண்டாம். அவை ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே மார்பு உயரத்தில் புதிய கோடு போட்டுத்தர நான் தயார். இருவர் போகவேண்டும் என்ற விதிப்படி பிளம்பர் முன்னால் நின்று பார்ப்பார். உயரம் எட்டாத இடத்தில் என் நாத்தனார் போடுவார். மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடலாம். பெயிண்ட் டப்பாவை எங்கே, எந்தத் தேதியில் பெற்றுக்கொள்வது என்பதை இருபதாம் தேதிக் கூட்டம் முடிந்ததும் எனக்குக் கடிதமாக எழுதித் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."