வைஃபை கோளாறும் கம்பத்துக்காரியும்

இன்றைக்குக் காலையிலிருந்து என் லேப்டாப்பில் வைஃபை ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை. திரையின் மூலையில் அந்தச் சின்ன விசிறி வெள்ளை வெளேரென்று விரிந்து நிற்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. கோளாறு சரியானதற்கு யாராவது வயிறெரிவார்களா என்று நீ கேட்பாய். சரிசெய்து கொடுத்தது யார் என்று தெரிந்தால் கேட்க மாட்டாய். உன் கம்பத்துக்காரிதான்.

அவள் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நீ இருந்தபோதும் நான் சொன்னதில்லை. "ஏடி, ஒங் கம்பத்துக்காரி கூப்புடுறா" என்று உன் போனை எடுத்து நீட்டுவேன். நீ சிரித்துக்கொண்டே அதை வாங்கி வாசலுக்குப் போய்விடுவாய். கடைக்குள்ளேயே பேசினால் என்ன என்று நான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கேட்டதில்லை. கேட்டிருந்தால், "உள்ள சிக்னல் இல்லடி" என்று சொல்லியிருப்பாய். என் போனுக்கு மட்டும் உள்ளே எப்படி சிக்னல் வருமாம்?

பழனிசெட்டிபட்டியில் நாம் சேர்ந்து நடத்திய இந்த நெட் சென்டரில் உன் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு நாற்காலி போடக்கூட இடம் கிடையாது. என் பழைய லேப்டாப் திறப்பதற்குள் வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று நீதான் அதில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டாய். "இனி இது ஓடும். நீ எதையும் நோண்டாம இருந்தா போதும்" என்றாய். நானும் நோண்டவில்லை. வைஃபை போனால் உன்னைப் பார்ப்பேன். நீ "தள்ளு" என்பாய். லேப்டாப்பை உன் பக்கம் இழுத்து, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, படபடவென்று எதையோ அடித்து, திருப்பி என் பக்கம் தள்ளுவாய். அவ்வளவுதான். என்ன செய்தாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் அவளுக்குச் சொன்னாய். கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம்மைப் போலவே சென்டர் வைத்திருப்பவள், தேனியில் நடந்த ஏதோ ஒரு பயிற்சியில் உனக்குப் பழக்கமானவள், அவளுக்கும் போனிலேயே சொல்லி லினக்ஸ் போட வைத்தாய். அவள் வைஃபை நின்றால் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாய். "மொதல்ல போன்ல நெட்டு வருதான்னு பாரு. வந்துச்சுன்னா மோடம் மேல தப்பில்ல, லேப்டாப்புலதான் தப்பு." "எல்லாத்தையும் ஒன்னா மாத்தாத. ஒன்ன மாத்து, பாரு, அப்புறம் இன்னொன்னு." நான் ஜாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் தட்டிக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரு "தள்ளு". அவளுக்குப் பாடம். அப்படியென்ன நான் மக்கு?

உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்றும் அவள்தான் ஜெயித்தாள். கம்பத்திலிருந்து வந்து இறங்கியவள் உன் மேல் விழுந்து அழுத அழுகையில், உன் வீட்டுக்காரரே ஒரு நிமிடம் தன் அழுகையை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கிவிட்டார். ஊரே அவளுக்குத் தண்ணீர் கொடுத்தது. நான் உன் தலைமாட்டில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். "யாருப்பா அந்தப் புள்ள, ரொம்ப நெருக்கமோ?" என்று உன் சர்ச் அம்மா ஒருவர் என்னிடமே கேட்டார். எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. எழுந்து பதில் சொல்ல நீ இல்லாத கோபம்.

அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜையைத் தனியாகக் கும்பிட்டேன். நீ இல்லாத மேசைக்கும் சேர்த்து மாலை போட்டேன். பிரிண்டர், மோடம், ஸ்கேனர், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனத்தைக் குழைத்து வழக்கத்தைவிடத் தாராளமாகவே வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கடை திறந்தபோது வைஃபை இல்லை. கொஞ்ச நேரம் வரும், ஒரு விண்ணப்பம் பாதி ஏறும்போது போகும். என் போனில் நெட் நன்றாக ஓடியது. மோடத்தை அணைத்துப் போட்டேன். இடம் மாற்றி வைத்தேன். வைஃபை பாஸ்வேர்டை அழித்து மறுபடி கொடுத்தேன். அப்டேட் ஏதோ ஏறியதில் கெட்டிருக்குமோ என்று அப்டேட்டுக்கு முந்தைய பழைய கர்னலில் திறந்துகூடப் பார்த்தேன். அந்த வார்த்தையும் உன் மெசேஜ்களை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒன்றும் நடக்கவில்லை.

வருசநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு அன்றுதான் கடைசி நாள். எதிர்க்கடையில் கூட்டம் தெருவரை நின்றது. "ஏத்தா, ஆகுமா ஆகாதா? சொல்லிப்புட்டீனா நான் வேற எங்கனயாச்சும் பாப்பேன். பஸ்ஸு போயிரும்" என்றார். அவர் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் கம்பத்துக்காரிக்குப் போன் போட்டேன். நீ போன பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு, "வைஃபை வரல" என்பதுதான்.

அவள் நலம் விசாரிக்கவெல்லாம் நேரம் எடுக்கவில்லை. கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தாள். நாலைந்து வரி வந்தது.

"அதுல ஹார்ட் பிளாக்டுன்னு இருக்காக்கா? நேரா என்ன போட்டுருக்கு?"

"யெஸ்ஸுன்னு."

"அப்ப சாப்ட்வேர்ல ஒன்னுமில்லக்கா. லேப்டாப்போட முன்பக்க ஓரத்துல வைஃபைக்குன்னே ஒரு நகத்துற சுவிட்ச்சு இருக்கும். தடவிப் பாருங்க." கையோடு இன்னொன்றும் கேட்டாள். "பூசைக்கு அங்கன சந்தனம் வச்சீகளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கெப்படித் தெரியும்?"

"அந்த அக்காதான் சொல்லிருக்காக. வருசா வருசம் பூசை முடிஞ்சு கடை தொறக்குற அன்னிக்கு ஒங்களுக்கு முன்னாடியே வந்து, டூத் பிரஷ்ஷ வச்சு அந்தச் சுவிட்ச்சச் சொரண்டி எடுத்துருவாகளாம். 'அவ சாமிக்கு வச்சது, நாஞ் சொன்னா தப்பா எடுத்துக்கிருவா'ம்பாக."

அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே எனக்குத் தெரியாது. லேப்டாப்பை மூடிவைத்துப் பூஜை போடுவதால் ஓரத்தில் நடுவாகப் பார்த்து நான் பொட்டு வைக்கிற இடம், சரியாக அதன் மேல்தான். சந்தனம் காய்ந்து சுவிட்ச் பாதியில் சிக்கி, கை பட்டால் இணைப்பு வருவதும் எடுத்தால் போவதுமாக இருந்திருக்கிறது. பிரஷ்ஷால் தேய்த்ததும் சந்தனப் பொடி உதிர்ந்தது. விசிறி விரிந்தது. அந்த அம்மாவின் விண்ணப்பம் ஏறியதும், ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் போனை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நீ, என் சந்தனத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவரை சரி. அதை ஏன் அவளிடம் சொன்னாய்? என்னிடம் மறைத்ததை அவளிடம் சொல்லிச் சிரித்தாயா?

"என்னயப் பத்தி வேற என்னென்ன சொன்னா?" என்று கேட்டேன். போலீஸ்காரி மாதிரிதான் கேட்டேன்.

"எல்லாம் வாய்ஸ் மெசேஜா இருக்குக்கா. அப்பப்பப் போட்டுக் கேப்பேன்."

அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். என்னிடம் உன் குரல் இல்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு யார் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள்? என் போனில் உன்னுடையதாக இருப்பதெல்லாம் "சாவி எங்க", "பேப்பர் வாங்கிட்டு வா" என்று நீ தட்டி அனுப்பியவைதான். கொஞ்ச நாளாக, உன் "தள்ளு" எந்தச் சுருதியில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் பிடிபட மாட்டேன் என்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது இதை? அவளிடமே சொன்னேன். எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு என்று கெஞ்சினேன்.

"எல்லாம் வேணாங்க்கா. ஒன்னு அனுப்புறேன்."

"ஏன், ஒன்னுதானா?"

"ஒங்களுக்குப் பக்கத்துலயே இருந்தாக. வந்து தொடச்சுக் குடுத்தாக. எங் கடைக்கு ஒரு நாளும் வரல, போன்லயே சொல்லிச் செய்ய வச்சாக. எனக்குன்னு இதுதானக்கா இருக்கு."

அவளுக்கும் என் மேல் பொறாமை இருந்திருக்கிறது! சத்தியமாகச் சொல்கிறேன், நீ போன பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்த நிமிடம் அது ஒன்றுதான்.

அனுப்பினாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப்பே வைஃபையைத் தூங்க வைக்கும், அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்கு விளக்குகிறாய். "அந்த வரிய மாத்திட்டு, அப்புறமா..." என்று இழுக்கும்போது பின்னால் ஒரு சத்தம். "ஏடி, டீ ஆறுது! வாரியா, நானே ரெண்டையும் குடிச்சிரவா?" என் குரல். நீ சிரிக்கிறாய். "இரு, அவ கூப்புடுறா" என்கிறாய். அதோடு முடிந்துவிட்டது. மறுபடி அவளுக்குப் போன் போட்டேன். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லவே இல்லையாம். மீதியை அவளாகவே தேடிக் கண்டுபிடித்தாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் இன்னும் குறை இருந்தது.

மற்ற மெசேஜ்களில் நான் இருக்கிறேனா என்று கேட்டேன். "போங்கக்கா" என்று போனை வைத்துவிட்டாள். மீதியை அவளே வைத்துக்கொள்ளட்டும். வைஃபை எப்படித் தூங்கும், எப்படி எழுப்புவது என்பதெல்லாம் எனக்கு இன்னும் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் போவதில்லை. மெசேஜை இழுத்துக் கடைசிக்குக் கொண்டுபோய் அங்கிருந்துதான் கேட்கிறேன். நான் கூப்பிடுகிறேன், நீ அவளைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வருகிறாய்.