முன்கூட்டி வாங்கிய கேக்

நவம்பர் 6, 2006, திங்கள்

மழை. குடை ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. வாங்க வேண்டியவை: பால், வெங்காயம், பஸ் பாஸ்.

காலை முழுக்க ஆபரேஷனில் கொக்கி பிடித்தேன். வயிற்றுச் சதையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது. வெட்டுவது, தைப்பது எல்லாம் மற்றவர்கள். மதுரையில் பத்து வருஷ சர்ஜன். இங்கே ஜெர்மனியில் விருந்தாளி டாக்டர். சம்பளமும் கிடையாது, கத்தியும் கிடையாது.

தலைமை டாக்டர் கூப்பிட்டார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி விழா. முதல் உலகப் போருக்கு முன் இங்கே வந்து கற்றுப்போன அமெரிக்க சர்ஜன் ஒருவரைப் பற்றி நான் பேச வேண்டுமாம். "நன்றாகப் பேசுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு ஹெர்னியா ஆபரேஷன் இருக்கிறது. அது உங்களுக்கு."

ஊரிலிருக்கும் மனைவி லட்சுமியிடம் போனில் சொன்னேன். நம்பவில்லை. "இந்த மாசமும் கத்தியக் கையில குடுக்கலேன்னா கிளம்பி வந்துருங்க. இங்க உங்க கைக்கு ஆளுக காத்துக் கெடக்காக."

7, செவ்வாய்

மழை விடவில்லை. நூலகம்.

அ.ச. (அமெரிக்க சர்ஜன்) சுருக்கமாக: ஒஹாயோ மாட்டுப்பண்ணை. அப்பா குடிகாரர். படிப்பு முடிந்ததும் கப்பலேறி இங்கே. ஒரு குளிர்காலம் முழுக்க ஆபரேஷன்களைப் பின்வரிசையில் நின்று பார்த்தார். ஊர் திரும்பி, கழுத்துக்கழலை அறுப்பதில் பெரிய பெயர். சொந்த ஆஸ்பத்திரி, கார்கள், இரண்டாம் கல்யாணம். போரில் பிரான்ஸுக்குப் போய்க் கூடாரத்தில் கை கால் வெட்டினார். திரும்பியதும் சுவரிலிருந்த ஜெர்மன் ஆசானின் படத்தைக் கழற்றிவிட்டார். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று மேடைக்கு மேடை பேச்சு.

இங்குள்ளவர்களுக்கு அதில் இன்னும் கோபம். எனக்கு இவர்கள் மேல்தான். பின்வரிசையில் நின்றவருக்கு யார் என்ன சொல்லித்தந்தார்கள்? இதை விழாவில் சொல்லப்போவதில்லை. எனக்கு ஹெர்னியா வேண்டும்.

9, வியாழன்

கடும் குளிர். டை கழுத்தை நெரித்தது.

"அவருடைய கைத்திறன் இந்த ஆஸ்பத்திரியின் கொடை" என்று அளந்துவிட்டேன். கைதட்டல். கூசியது. தலைமை டாக்டர் தோளில் தட்டி, "நாளை" என்றார். கூச்சம் போய்விட்டது.

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் சாந்தி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரி, காதோடு சொன்னார்: "இஞ்ச முதல் ஒப்பரேஷன் செய்தா எல்லாருக்கும் கேக் குடுக்கோணும் டொக்டர்." வழியில் வாங்கினேன். செர்ரி கேக், இருப்பதில் பெரியது.

10, வெள்ளி

காலையிலேயே கேக்கைக் காபி அறையில் வைத்தேன். நல்ல காரியத்துக்கு முன்னால் வாய் இனிக்கட்டும் என்று. சாந்தி அக்காவின் முகம் மாறியது. "ஐயோ டொக்டர், செய்து முடிச்சாப் பிறகெல்லோ குடுக்கிறது!"

கை கழுவி, கவுன் மாட்டி உள்ளே போனால், நான் நிற்க வேண்டிய இடத்தில் போன வருஷம் படிப்பு முடித்த இளம் டாக்டர். தலைமை டாக்டர் நிமிரவேயில்லை. "இவருடைய பயிற்சிக் கணக்கில் ஒரு ஹெர்னியா குறைகிறது. உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. கொக்கியைப் பிடியுங்கள்."

பிடித்தேன்.

வெளியே வந்தால் எல்லாரும் அவனுக்குக் கை கொடுக்கிறார்கள். கேக்குக்கும் அவனுக்கே நன்றி. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சிரிக்கிறான். எனக்கு ஒரு துண்டுகூட மிச்சமில்லை. சாந்தி அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் கழுவினார்.

இப்படியே ஊர் போனால், இத்தனை நாள் கொக்கி பிடித்துவிட்டு வந்தவன் என்பார்கள்.

சாயங்காலம் லட்சுமி போன். "என்னாச்சு? குடுத்தாகளா?"

"குடுத்தாங்க. நல்லா முடிஞ்சது."

சந்தோஷத்தில் அழுகிறாள். மகள் போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, நீங்க ஆபரேஷன் பண்ணினவருக்கு வலிச்சுச்சா?"

"இல்லடா. தூங்கிட்டு இருந்தாரு."