பழைய மெசினை முனாஸுக்குக் கொடுக்கவில்லை

குட்டி வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த வெயில் நாட்டிலும் அல்லாஹ் உன்னைக் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் உன் தங்கச்சி நப்லாவும் மருமகன் நளீமும் சுகம்தான், வாப்பா மௌத்தான வீட்டில் எவ்வளவு சுகமாக இருக்கலாமோ அவ்வளவு சுகம். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் நீ உம்மா என்று கூப்பிட்டதும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் அங்கே மூக்கை உறிஞ்சுகிறாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. நம் ஊர் ஹுஸ்னி லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்ப இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

நீ வாங்கித் தந்த புது மெசின் வாள் நன்றாக வேலை செய்கிறது மகன். பெட்டரியில் ஓடுகிறபடியால் சத்தமும் இல்லை புகையும் இல்லை, பல்லேபொல பக்கமெல்லாம் நளீமை மரம் அறுக்கக் கூப்பிடுகிறார்கள். பின்னேரம் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் துடைத்து வைக்கிறார். என்னை ஒரு நாளாவது இப்படி முகம் பார்த்துத் தொடச்சிருப்பாரா என்று நப்லா கேட்கிறாள், அவர் சிரித்துக்கொண்டே துடைக்கிறார். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது வாப்பாவுடைய பழைய மெசினைப் பற்றி. நாவுல டவுனில் பழைய சாமான் வாங்குகிற முனாஸ் அதை உதிரிச் சாமானுக்குப் பிரிக்கக் கேட்கிறார், கொடுத்துவிடுங்கள் உம்மா, மனவருத்தத்தை ஏன் வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று நீ போனில் சொன்னாய், நானும் ம் என்றேன். அந்த ம் சம்மதம் இல்லை மகன், அழுகையை விழுங்கிய சத்தம் அது.

நீயும் நளீமும் என் மேலுள்ள இரக்கத்தில் ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள். வாப்பா மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் நான் திரைக்குள் இத்தாவில் இருக்கும்போது ஒரு நாள் நளீம் பின் வளவில் அந்த மெசினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். சத்தம் கேட்டு நான் அடுப்பை விட்டுவிட்டுக் குசினிக் கதவடிக்கு வந்தேன். என்னைக் கண்டதும் அவர் பயந்து நிற்பாட்டிவிட்டார். அப்போதுதான் நான் அழுதேன். சத்தம் கேட்டு அழுததாக அவர் நினைத்துவிட்டார், உனக்கும் அப்படியே சொல்லியிருக்கிறார், அதற்குத்தானே நீ சத்தமில்லாத மெசின் தேடி வாங்கித் தந்தாய். நான் அழுதது அது நின்றுபோனதற்கு. வாப்பா வெளியே நின்று வேலை செய்கிற மாதிரி ஒரு நிமிஷம் இருந்தது, பிறகு இல்லாமல் போய்விட்டது.

ஊராரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். உனக்குத் தெரியும், யாராவது மௌத்தாகிப் பள்ளிவாசலில் ஜனாஸா அறிவித்தால் வாப்பா கூலி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மெசினைத் தோளில் வைத்துக்கொண்டு போவார், கபுருக் குழிக்குள் மய்யித்துக்கு மேலே வைக்கிற பலகையெல்லாம் அவர் அறுத்ததுதான், அதற்கு ஒரு பிளேன்டீ கூடக் குடிக்கமாட்டார். நான் இத்தாவில் இருக்கும்போது ஊரில் மௌத்துகள் நடந்தன. ஆட்கள் நம் வேலி வாசல் கடப்படி வரைக்கும் வந்து, திரைச்சீலையைப் பார்த்துவிட்டு, பாவம் றமீஸா, அந்தச் சத்தம் அவவுக்கு வேண்டாம் என்று திரும்பிப்போய் நாவுலயில் மரக்கடையில் பலகை வாங்கியிருக்கிறார்கள். இது எனக்குப் போன கிழமைதான் தெரியும்.

போன கிழமை பக்கத்து வளவு பலீலுடைய உம்மா மௌத்தாகிவிட்டா. இன்னாலில்லாஹி. நல்ல மழை, முதல் நாளிலிருந்தே கரண்ட் இல்லை, நளீம் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்ததில் புது மெசினில் சார்ஜும் இல்லை. பாதையில் மரம் விழுந்து நாவுலக்குப் போகவும் வழியில்லை. பலீல் வந்து நனைந்துகொண்டு கடப்படியில் நிற்கிறார், சலாம் சொன்னார். நான் கட்டிலுக்கடியிலிருந்து மெசினை இழுத்து எடுத்தேன், வாப்பா உடுத்த சாரத்தில் சுற்றி வைத்திருந்தேன். ராத்தா, ஒங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமே என்றார். நான் சொன்னேன், "ஒங்க உம்மாவுக்குப் பலகை வேணும் பலீல். இது அவர்ட மெசின், அவர் இருந்தா இந்நேரம் ஒங்க வளவுல நிப்பாரு."

பலீல் வளவில் கிடந்த மாமரத்தைத்தான் அறுத்தார்கள். இழுக்க இழுக்க ஸ்டார்ட் ஆகவில்லை, வாப்பா காலையில் இருமுகிற மாதிரி இருமிவிட்டுத்தான் பிடித்தது. நளீம் வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துப் பார்த்து நின்றார், நிற்பாட்ட வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கடைசிப் பலகை வரைக்கும் குசினிப் படியில் இருந்து கேட்டேன். அழவில்லை மகன்.

வெள்ளிக்கிழமை முனாஸ் லொறியோடு வந்தார். தரமாட்டேன் என்றேன். மௌத்தாகிறவங்களுக்கென்று ஒரு மெசினா என்று சிரித்தார், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீ வாங்கித் தந்ததை உம்மா மதிக்கவில்லை என்று நீ நினைப்பாயோ என்று நளீமுக்குப் பயம். நீ அப்படி நினைக்காதே. புது மெசின் நம் வயிற்றுக்கு, பழையது ஊரின் ஜனாஸாவுக்கு. பள்ளியிலும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இனி யாரும் கடப்படியிலிருந்து திரும்பிப் போகக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, சுபஹுத் தொழுகையை விடாதே, வேலை செய்யும் இடத்தில் தலைக்குத் தொப்பி போடாமல் நிற்காதே. வாப்பாவுக்கு யாசீன் ஓத மறக்காதே. அல்லாஹ் உன் ஆயுளையும் சம்பாத்தியத்தையும் பரக்கத்தாக்கி வைக்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
உம்மா றமீஸா

கடிதத்தை மடித்துவிட்டுத் திரும்ப விரித்தேன். அடக்கிவிட்டுத் திரும்பிப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கபுரில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும் என்று பள்ளி ஹஸ்ரத் சொல்லுவார். வாப்பாவை அடக்கிய மையவாடி பலீல் வளவிலிருந்து கூப்பிடு தூரம்தானே. அன்றைக்கு அந்த மெசின் சத்தம் வாப்பாவுக்குக் கேட்டிருக்குமா மகன்?