தானே தெளியும் லென்ஸ்

போனை எடுக்காத அக்காவுக்கு,

அப்பா படம் ஓட்டுகிறார், நான் படம் காட்டுகிறேன் என்று கிண்டலடிப்பாயே. விடுமுறை என்பதால் இப்போது நானும் அவருடைய ஆபரேட்டர் அறையில்தான் இருக்கிறேன். விளக்குச் சூட்டில் லென்ஸ் நகர்ந்து படம் மங்கினால், தானே சரிசெய்யும் கருவி ஒன்றைச் செய்து புரொஜெக்டரில் மாட்டியிருக்கிறார். தியேட்டர் முதலாளி வாயைப் பிளந்துவிட்டார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? நேற்று படம் ஓடும்போது கருவியை அணைத்து, லென்ஸைத் திருகிவிட்டேன். கதாநாயகன் எது, குதிரை எது என்று தெரியவில்லை. "யோவ் ஆபரேட்டர், தூங்குறியா?" என்று கீழே ஒரே கூச்சல். அப்பா அறைச் சுவரிலுள்ள கண்ணாடிச் சதுரம் வழியாகத் திரையை உற்றுப் பார்த்தார்.

"ஏன்டா கத்துறாங்க? படம் பளிச்சுன்னுதானே இருக்கு?"

நான் அவசரமாகக் கருவியை மறுபடி போட்டுவிட்டேன்.

கருவியை எதற்காகச் செய்தார் என்று புரிந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "இன்னிக்கு என்ன புது வால்தனம்?" என்று காதைத் திருகுகிறார். நான் எதைச் சொன்னாலும் விளையாட்டுதானே? நீ சொன்னால் நம்புவார். உனக்கும் அப்பாவுக்கும் உள்ள சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். உன் முகம் அவருக்குத் தெரிகிறபோதே வந்துவிடு.

சத்தியமாக விளையாடாமல்,
உன் வால் தம்பி