ஓட்டாஞ்சில்லில் எழுதிய பெயர்

15.11.1988, செவ்வாய். ராஜபாளையம்.

மில்லில் இன்று சூப்பர்வைசர் ஆனேன். மதியம் வழக்கம்போலத் தூக்குச்சட்டியோடு ஸ்பின்னிங் ஆட்களின் வட்டத்தில் உட்காரப் போனேன். பதினைந்து வருஷமாக என் சட்டி மூடியில் தன் வீட்டுக் குழம்பை ஊற்றும் காதர் எழுந்து நின்றான்.

"நீங்க ஆபீஸ் ரூம்ல சாப்பிடுங்க சார். அங்க மேசை போட்டிருக்காக."

நேற்றுவரை என்னை 'ஏலே' என்று கூப்பிட்டவன். தனியாகத்தான் சாப்பிட்டேன். மீதியைச் சட்டியிலேயே மூடிவைத்தேன்.

ரிப்போர்ட் எழுத மேனேஜர் ஓர் ஆங்கில அகராதி கொடுத்திருக்கிறார். புரட்டியபோது 'ஆஸ்ட்ரசிசம்' கண்ணில் பட்டது. அதிகாரம் மிஞ்சிப்போனவனின் பெயரைக் கிரேக்கர்கள் ஓட்டாஞ்சில்லில் எழுதிப் போட்டு, ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்களாம். அந்தச் சில்லின் பெயரிலிருந்து வந்த சொல். காதருக்கு ஒரு 'சார்' போதுமாயிருந்தது.

பத்து வருஷம் கழிந்தால், அப்படி அனுப்பப்பட்டவன் ஊர் திரும்பலாமாம். எனக்கு ரிட்டையர்மென்ட் இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறது.