உறவுமுறை என்ற கட்டம்

செப்டம்பர் 11, வியாழன்

ஜூலையில் இறந்துபோன சித்தி ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பென்ஷன் பாலிசி போட்டிருந்தாள். அதைக் கேட்டு இன்று நாகர்கோவில் கிளைக்குப் போனேன். அவள் கல்யாணம் கட்டவில்லை. நாமினியாக என் பெயரைத்தான் கொடுத்திருந்தாள். உறவுமுறைக் கட்டத்தில் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் ‘மகன்’ என்று இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாள். “இதுல அம்மா பேரு வேறல்லா இருக்கு? நீங்க அவங்க மகன்தானா சார்?”

“இல்ல. அவங்க எனக்க அம்மைக்க தங்கச்சி. நம்ம பக்கம் அக்கா பிள்ளையையும் மகன்னுதான சொல்லுவோம். சும்மா முறைக்கு எழுதினது.”

“அது சரி சார். ஆனா நீங்க ஒரு லெட்டர் எழுதித் தரணும்.”

உடனே எழுதினேன். ‘என் சித்தி அறியாமையால் மகன் எனத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டார். நான் அவருடைய மகன் அல்ல.’ பேனா ஓரிடத்திலும் தயங்கவில்லை. ‘அறியாமையால்’ என்பது அந்தப் பெண் சொல்லித் தந்ததல்ல. நானே சேர்த்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவளைப் பற்றி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “காரியம் முடிஞ்சா?” என்று கேட்டாள். முடிந்தது என்றேன். லெட்டரைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூனில் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். “மக்கா, ஒருக்கா வந்துட்டுப் போறியா?” லீவு இல்லை என்றேன்.

மக்கா என்றால் மகனே என்றுதான் அர்த்தம்; ஆனால் இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் மக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன்.